துப்பாக்கி லைசென்ஸ் கேட்கும் தம்பிக்கு

"அண்ணே, ஒரு லைசென்ஸ் போட்டு துப்பாக்கி வாங்கி வெச்சிக்கலாம்னு பாக்கறேன். இன்னா பண்ணணும், யாரப் பாக்கணும்?"

மாதவரம் ரவுண்டானா பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கையில் ஒரு தம்பி இப்படிக் கேட்டார். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர். ராத்திரி கடையை மூடிவிட்டு, வாடகைப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கன்டெய்னர் குடோன்கள் வரிசையாக நிற்கும் இருட்டு ரோட்டில் தனியாக பைக்கில் வீட்டுக்குப் போகிறவர். அவருடைய பயம் நியாயமானது. அதனால் பதிலையும் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"யாரைப் பார்க்கணும்" என்பதை முதலில் விட்டுவிடுங்கள் தம்பி. ஆளைப் பிடித்து முடிக்கிற வேலையில்லை இது. ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன்கீழ் நடைமுறையைச் சொல்கிற விதிகள் 2016-ல் புதிதாக எழுதப்பட்டன. மாவட்டத்தில் கலெக்டரிடமும், போலீஸ் கமிஷனர் இருக்கிற ஊரில் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். வடசென்னையில் இதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. எண்ணூர், மணலிக்காரர்களுக்கு 2022-லிருந்து ஆவடி கமிஷனர். ராயபுரத்துக்காரர் வேப்பேரியில் இருக்கிற சென்னை கமிஷனர் ஆபீசுக்குப் போக வேண்டும். உங்கள் வீடு எந்த ஸ்டேஷன் எல்லையில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் தீர்மானம்.

அங்கே உங்களிடம் கேட்கிற முதல் கேள்வி "ஏன்?" என்பதுதான். நம் சட்டமே அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவில் 1791-ல் சேர்த்த இரண்டாவது திருத்தத்தின்படி துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை. இன்று அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனி பெர்மிட் எதுவும் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு தெருவில் நடக்கலாம். யூடியூபில் நீங்கள் பார்க்கிற வீடியோக்கள் பெரும்பாலும் அந்த ஊர் சங்கதி. நம் அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. 2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றை விசாரித்தபோது உச்ச நீதிமன்றம் இதே ஒப்பீட்டைச் செய்தது: அமெரிக்காவைப் போல இங்கே யாருக்கும் ஆயுதம் ஏந்தும் உரிமை இல்லை, சட்டம் அனுமதித்தால்தான் உண்டு என்றது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பெருகுவதைப் பற்றித்தான் நீதிபதிகளுக்கு அன்று கவலை.

வெள்ளைக்காரன் காலத்து 1878 சட்டம் வேறு மாதிரி. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். அந்த அவமானத்தை எதிர்த்துக் காங்கிரஸ் எத்தனையோ முறை தீர்மானம் போட்டது. அந்த நிற பேதம் பின்னால் ஒழிந்தது. ஆனால் லைசென்ஸ் முறையைச் சுதந்திர இந்தியாவும் வைத்துக்கொண்டது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். விதிவிலக்குகள் இன்னமும் சில உண்டு. குடகு மலையின் கொடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்னும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் 2029 வரை லைசென்ஸ் வேண்டாம் என்று 2019-ல் மத்திய அரசு நீட்டித்தது. அவர்கள் வீட்டில் துப்பாக்கி பூஜையில் வைக்கிற பொருள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 21 வயது முடிந்திருக்க வேண்டும். தொழிலாலோ வேறு காரணத்தாலோ உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு உண்மையிலேயே தேவை என்று காட்ட வேண்டும். அல்லது துப்பாக்கி சுடும் கிளப்பில் 2 வருஷம் உறுப்பினராக இருந்து பயிற்சி எடுத்த விளையாட்டு வீரராக இருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினர், போலீஸ்காரர்களுக்குத் தனி வழி உண்டு. பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டும். வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். லோக்கல் ஸ்டேஷனிலிருந்து என்கொயரிக்கு வருவார்கள். அந்த அறிக்கை 30 நாளில் போக வேண்டும், அது கைக்கு வந்த 60 நாளில் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும் என்று விதி சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதன் மேல் அப்பீலும் உண்டு. விதிப் புத்தகத்தில் இருக்கிற இந்தக் காலக்கெடுவை அதிகாரிகள் மதிக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் கொடுக்கவில்லை என்று சொல்லட்டும். ஒரு மனுஷனை மாசக்கணக்கில் அலைய விடுவதுதான் தப்பு. அந்த அலைச்சலில்தான் "நான் முடிச்சித் தரேன்" என்று புரோக்கர் உள்ளே நுழைகிறான்.

எல்லாம் முடிந்து கைக்கு வந்தால் 5 வருஷம் செல்லும். முன்பு 3 வருஷம்தான். 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியபோது, ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2 ஆகக் குறைத்துவிட்டு, கால அளவை மட்டும் கூட்டினார்கள். நாடு முழுக்க 2016 முடிவில் 33.69 லட்சம் லைசென்ஸ் இருந்ததாக உள்துறை கணக்கு. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். உத்தரப் பிரதேசத்தில் கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது ஒரு கௌரவம். அந்தக் குண்டு கீழே இறங்கும்போது மாடியில் நின்று வேடிக்கை பார்த்த குழந்தையின் மேல் பாய்ந்த சம்பவங்கள் உண்டு. அதனால்தான் கொண்டாட்டத்துக்குச் சுட்டால் 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே 2019 திருத்தத்தில் சேர்த்தார்கள்.

"வாங்கிட்டேன்னு வெச்சிக்கோங்க. இடுப்புல சொருவிக்கினு போலாமா?" என்றார் தம்பி.

லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் கொண்டு போகலாம். ஆனால் கைத்துப்பாக்கி என்றால் உறையில் இருக்க வேண்டும், நீளத் துப்பாக்கி என்றால் கவருக்குள் இருக்க வேண்டும். பொது இடத்தில் வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினாலே விதிமீறல். போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும். நம் ரோட்டில் ஏ.டி.எம்.முக்குப் பணம் நிரப்ப வருகிற வேனைக் கவனித்துப் பாருங்கள். கதவு திறந்ததும் முதலில் இறங்குகிற கன்மேன் அநேகமாக ரிட்டையர்டு ராணுவக்காரராக இருப்பார். கையில் 12 போர் டபுள் பேரல். குழல் தரையைப் பார்த்திருக்கும். விரல் விசையின் மேல் இருக்காது. விசையைச் சுற்றிய வளையத்துக்கு வெளியே, நீட்டி, மரக்கட்டையோடு ஒட்டி இருக்கும். கண் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். பணப்பெட்டி உள்ளே போய், ஷட்டர் இறங்கி, வேன் கிளம்பும் வரை அவர் யாருடனும் பேசுவதில்லை. பல வருஷப் பயிற்சியில் வந்த ஒழுக்கம் அது. துப்பாக்கிக்கு ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் அந்த விரலைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பேன்.

இனி கனமான விஷயம். 2024 ஜூலை 5 மாலை, பெரம்பூரில், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வாசலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. தேர்தலுக்காக ஒப்படைத்ததை ஜூன் 13-ந் தேதியே திரும்ப வாங்கிக்கொண்டார் என்று அன்றைய கமிஷனர் சந்தீப் ராய் ரத்தோர் சொன்னார். ஒன்பது நாள் கழித்து, ஜூலை 14 விடியற்காலை, இதே மாதவரம் பகுதியில், கைதானவர்களில் ஒருவர் போலீஸ் சுட்டு இறந்தார். ஆயுதங்களைக் கைப்பற்றக் கூட்டிப்போனபோது மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் எங்களைச் சுட்டார், திருப்பிச் சுட்டோம் என்பது போலீஸ் தரப்பு.

அந்த வாரம் முழுக்க இங்கே டீக்கடைகளில் ஒரே பேச்சு: துப்பாக்கி இருந்துமா? என் மனசையும் அது அறுத்தது. அன்று மாலை அவருடைய துப்பாக்கி எங்கே இருந்தது என்ற விவாதத்துக்குள் நான் போக மாட்டேன். பொதுவாக ஒன்று சொல்லலாம். நம் ஊரில் கொலை பெரும்பாலும் அரிவாளால், கும்பலாக, கைக்கெட்டுகிற தூரத்தில், தெரிந்த முகம் போல நெருங்கி வந்து நடக்கிறது. உறையைத் திறந்து, எடுத்து, எதிரே நிற்பது யார் என்று நிதானித்துச் சுடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சினிமாவில் கிடைக்கிற நேரம் தெருவில் கிடைக்காது.

தப்பித்தவறி சுட்டுவிட்டால் அதற்கப்புறம் கோர்ட்டு. தற்காப்பு உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் சொல்கின்றன. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அது நீளும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடி கூடாது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டுவிட்டு, தற்காப்பு என்று சொல்ல முடியாது. உங்களுக்குச் சம்பந்தப்பட்டது இந்த இடம்தான் தம்பி. உங்கள் பயம் பணப்பையைப் பற்றியது. அதற்குத் துப்பாக்கியைவிட, வாடகையைப் பேங்க் டிரான்ஸ்ஃபராக வாங்குவது ஆயிரம் மடங்கு பாதுகாப்பு.

"அப்போ சட்டத்தை மதிக்கறவனுக்குத்தான் இத்தனை கெடுபிடி. கள்ளத் துப்பாக்கி வெச்சிருக்கறவன் ஜாலியா சுத்தறான்" என்று துப்பாக்கி ஆர்வலர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை என்று தண்டனையைக் கூட்டியும் கள்ளத் துப்பாக்கி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து, ஆளுக்கொரு துப்பாக்கி கொடுப்பதில்லை. பார்க்கிங் தகராறும் குடிபோதைச் சண்டையும் கைகலப்போடு முடிகிற தெரு நமக்கு இன்னும் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும் என்று மனசார விரும்புகிறேன்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ டெபாசிட் செய்யச் சொல்வார்கள். பேங்க் காவலர்களுக்கு விலக்கு உண்டு. டெபாசிட் செய்தவர்களும் தோட்டாவை மறந்துவிடுவது உண்டு. 2024 ஜூனில் நடிகர் கருணாஸின் பையில் 40 தோட்டாக்கள் சென்னை விமான நிலையத்தில் சிக்கின. லைசென்ஸ் இருந்தது, துப்பாக்கியைத் தேர்தலுக்காக ஒப்படைத்திருந்தார், அவசரத்தில் பையைக் கவனிக்காமல் எடுத்து வந்துவிட்டேன் என்று விளக்கம் சொன்னார். அன்றைய பயணம் போயிற்று. ஒரே ஒரு தோட்டா என்றாலும் கேள்வி கேட்பார்கள்.

துப்பாக்கி மேல் ஆசைதான் காரணம் என்றால் அதற்கு அழகான வழி இருக்கிறது. 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸே தேவையில்லை. எழும்பூரில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதை 60 முறை தேட வேண்டும். மூச்சை எங்கே நிறுத்துவது, இதயத் துடிப்புக்கு நடுவே விசையை எப்படி அழுத்துவது என்று கற்றுக்கொள்கையில் வீறாப்பெல்லாம் கரைந்துவிடும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தப் போட்டியில்தான் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போனார். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸில் டிராப் போட்டியில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டார். நடிகர் அஜித்குமார் 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் சுட வந்தார். துப்பாக்கியை நேசிக்கிறவர்கள் என்று நான் மதிப்பது இவர்களைத்தான்.

தம்பி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, இன்னொன்று கேட்டார். ஊத்துக்கோட்டை பக்கம் அவருடைய மாமனார் பயிர்க் காவலுக்கு ஒரு டபுள் பேரல் வைத்திருந்தாராம். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. துப்பாக்கி இன்னமும் பீரோவில் துணி சுற்றிக் கிடக்கிறது, கூடவே ஒரு டப்பா தோட்டா.

புதுத் துப்பாக்கியை மறந்துவிட்டு முதலில் இதைக் கவனியுங்கள் என்றேன். லைசென்ஸ் அவர் பேருக்கு. அவரோடு அது முடிந்தது. அதன்பின் வீட்டில் இருக்கிற ஆயுதத்துக்கு யாரிடமும் அனுமதி இல்லை. வீணாகத் தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது சட்டத்தின் 21-வது பிரிவு. வாரிசு ஒருவர் அதைத் தன் பேருக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் வரை அது டெபாசிட்டில் இருக்கும். வேண்டாமென்றால் லைசென்ஸ் உள்ளவருக்கோ கடைக்கோ விற்க முடியும். உயிரோடு இருக்கிறவர்களுக்கும் வழி உண்டு: 70 வயதானாலோ, துப்பாக்கி வாங்கி 25 வருஷம் ஆனாலோ, தாமே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம். பல வீடுகளில் இது தெரியாமல்தான் பிரச்சினை வருகிறது.

மாமியாரிடம் கேட்டு லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுங்கள், இறப்புச் சான்றிதழ் நகலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்களே துணியில் சுற்றி பைக்கில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உங்களிடம் லைசென்ஸ் இல்லை. முதலில் அந்த ஊர் ஸ்டேஷனில் தகவல் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று அவர்களையே கேளுங்கள். குழலுக்குள் தோட்டா கிடக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்க வைக்க வேண்டாம். தெரிந்தவர் திறந்து பார்க்கட்டும். ஒப்படைத்த பின் ரசீதில் துப்பாக்கி நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்து வாங்குங்கள்.