வாகன மின்கலம் அடிக்கடி இறங்குதல்

வண்டி நிற்கும்போது ஏதேனும் ஒரு கருவி தொடர்ந்து மின்னோட்டத்தை இழுப்பதால் மின்கலம் (பேட்டரி) காலியாவதை ஒட்டுண்ணி மின்னிழப்பு என்பர். பட்டறைகளில் 'பேட்டரி இறங்குது' என்பார்கள். புது மின்கலம் மாற்றியும் சில நாட்களில் வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

இழப்பின் அளவு

சாவியை எடுத்த பின்பும் கடிகாரம், திருட்டுத் தடுப்பு அமைப்பு போன்றவற்றுக்குச் சிறிது மின்சாரம் தேவை. இன்றைய கார்களில் இது சுமார் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 35 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றை இது காலி செய்ய 700 மணி நேரம், அதாவது 29 நாள் ஆகும். டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு சுமார் 420 மில்லி ஆம்பியர் இழுக்கும். 83 மணி நேரத்தில் மின்கலம் வெறுமையாகிவிடும். அதற்கு முன்பே, மூன்றாம் நாளே, வண்டி முரண்டு பிடிக்கும். எட்டாம் வகுப்பு வகுத்தல் கணக்குதான் இது. இதைப் போட்டுப் பார்க்காமல் மின்கலத்துக்குப் பணம் கொடுப்பவர்களே அதிகம்.

முதற்கட்டச் சோதனை

இரவு முழுவதும் ஓய்ந்திருந்த, நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு அருகில் வந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இல்லையெனில் ஆல்டர்னேட்டர் சரியாக மின்னேற்றவில்லை. மின்கலத்தை முழுமையாக ஏற்றி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி இரவில் விட்டுவைத்து, காலையில் மறுபடி அளக்கலாம். கம்பி இணைக்காமலே மின்னழுத்தம் வெகுவாக இறங்கினால் குறை மின்கலத்திலேயே உள்ளது. விருத்தாசலம் பகுதியின் கோடை வெப்பத்தில் ஈய-அமில மின்கலத்தின் தன்னிழப்பும் கூடுதலாகும். கருவேப்பிலங்குறிச்சிக்குள் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் காரில், கிளப்பும்போது செலவான மின்சாரமே திரும்ப ஏறுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

மின்னோட்டத்தை அளத்தல்

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, மின்கலத்தின் எதிர்முனைக்கும் கழற்றிய கம்பிக்கும் இடையே தொடராக இணைக்க வேண்டும். இந்நிலையில் சாவியைத் திருப்பக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவுகள் மூடியிருக்க வேண்டும். இணைத்தவுடன் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. காரின் கணினிகள் உறங்கச் சில வண்டிகளில் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். இந்தப் பொறுமை இல்லாததால்தான் பலர் இல்லாத குறையைத் தேடி அலைகிறார்கள்.

பிறகும் எண் அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். வீட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை உருவி எந்த அறையில் கோளாறு என்று கண்டுபிடிப்போமே, அதே முறைதான். எந்த ஃபியூஸை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் குற்றவாளி இருக்கிறது.

பெரும்பாலும் பின்னர் பொருத்திய கருவிகளே காரணம். மியூசிக் பிளேயரில் மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் பெறும். சிவப்புக் கம்பி சாவி போட்டால் மட்டும் பெற வேண்டும். வேலையை எளிதாக்க இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுவது உண்டு. நான் வாங்கிய பழைய காரில் இப்படித்தான் இருந்தது. இரண்டாவது மின்கலமும் இறங்கிய பிறகே கண்டுபிடித்தேன். அடிக்கடி அடிவரை இறங்கியதால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, மின்னேற்றியும் முழுத் திறன் திரும்பவில்லை.

எல்லா ஃபியூஸ்களையும் எடுத்தும் எண் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டையோடுகளைப் பார்க்க வேண்டும். அதன் தடித்த கம்பி பல வண்டிகளில் இந்த ஃபியூஸ்களின் வழியே வராமல் மின்கலத்துக்குப் போகிறது. மின்கல இணைப்பைத் துண்டித்த பின்னரே அக்கம்பியைக் கழற்றி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, மீட்டரை இணைத்து மீண்டும் அளக்க வேண்டும். இப்போது எண் இறங்கினால் டையோடு கசிகிறது.