பத்திர ஆபீசுக்குள்ளே போய்ப் பார்க்கலாம், வாங்க!

நல்ல நாள் பார்த்துத்தான் நம்ம சனங்கள் பத்திரம் பதிவார்கள் என்பது அரசாங்கத்துக்கே தெரியும்! முகூர்த்த நாள் வந்தால், வழக்கமாக 100 டோக்கன் தரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பதிவுத்துறை 150 டோக்கன் ஒதுக்குகிறது. அப்படியொரு வளர்பிறை நாளில் சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லியில் வீடு வாங்கும் ஒரு குடும்பத்தின் பணம் எந்தெந்த வழியாகப் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்போமா?

முதல் சுவாரஸ்யம் பத்திர எழுத்தரின் மேசையிலேயே ஆரம்பம். விலையை விட அவருக்கு அவசரமாக வேண்டியது சர்வே எண்ணும் தெருப் பெயரும். காரணம், தெருவுக்குத் தெரு அரசு ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. நீங்கள் பேசி முடித்த விலை, அந்த மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் கணக்கு ஓடும். அந்த மதிப்பு மனைக்கு மட்டும். மேலே நிற்கும் கட்டடத்துக்குத் தனிப் படிவம்: எத்தனை சதுர அடி, எத்தனை வருஷப் பழசு, ஓடா, தளமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்.

இப்போது கால்குலேட்டரைக் கையில் எடுப்போம். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டின் மதிப்பு 20 லட்சம் என்றால் 1,40,000 ரூபாயும் 40,000 ரூபாயும் சேர்ந்து 1,80,000. மலைப்பாக இருக்கிறதா? 2017 ஜூனிலிருந்து 2023 மார்ச் வரை பதிவுக் கட்டணமே 4 சதவீதம்! 2023 ஏப்ரல் 1 அன்று அது பாதியானது. அதே நாளில் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூன் 8 அன்று இருந்த அளவுக்கு ஏறவும் செய்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்த 7 சதவீதத்துக்குள்ளே இருக்கிறது. அதில் 5 மட்டும்தான் முத்திரைத்தீர்வை. மிச்சம் 2, சொத்து மாற்றத்தின் மீதான கூடுதல் வரி. அது உள்ளாட்சி அமைப்புகளுக்குப் போகிறது! நம்ம 20 லட்ச வீட்டில் 40,000 ரூபாய் பேரூராட்சி, ஊராட்சிகளின் பங்கு. வீடு வாங்குகிறவர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொரு நல்ல சேதி. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் கிரயம் செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 10 லட்ச வீட்டுக்கு 90,000 கட்ட வேண்டிய இடத்தில் 80,000. கெங்கவல்லி போன்ற ஊர்களில் சின்ன வீடு வாங்குகிற குடும்பம் அம்மா பெயரில் எழுத இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

அப்பா மகளுக்கு எழுதி வைப்பதென்றால் கணக்கே வேறு. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000; பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. அதே 20 லட்ச வீடு 30,000 ரூபாயில் முடிந்துவிடும்!

டோக்கன் நம்பர் கூப்பிட்டாச்சு, உள்ளே போவோம். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், இரண்டு சாட்சிகள். கேமரா முன்னால் முகம், கருவியில் கைரேகை. “கையெழுத்து உங்களுதுதானுங்களா? பணம் பூரா வந்துருச்சுங்களா?” என்ற கேள்விக்கு விற்பவர் தலையாட்டியதும் பத்திரத்துக்கு எண்ணும் வருடமும் விழும். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி அது ஏறுவது 1ஆம் புத்தகத்தில். இத்தனை வருஷச் சேமிப்பு ஒரு எண்ணாக மாறும் அந்த நிமிஷம் எனக்குச் சிலிர்க்கிறது!

இதற்கு வெளியேயும் செலவு உண்டு. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் படித்துப் பார்க்கும் வக்கீலின் ஃபீஸைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். எழுத்தர் கூலி, தரகு இரண்டையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். வங்கிக் கடன் என்றால் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணத்துக்குக் கடன் தொகையில் 0.5 சதவீதம் முத்திரைத்தீர்வை, அதற்கும் பதிவுக் கட்டணம். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதத்தை விற்பவருக்குத் தராமல் பிடித்து, அவர் கணக்கில் வருமான வரியாகக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. மனை பிரிந்து வந்தால் உட்பிரிவுக் கட்டணமும் சேரும். அப்படிப் பிரிந்த மனைக்குப் பட்டா மாற சர்வேயர் அளந்தாக வேண்டும்.

வழிகாட்டி மதிப்பு, வில்லங்கம் இரண்டையும் பதிவுத்துறையின் இணையதளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். சர்வே எண்ணை வைத்துக்கொண்டு இன்றைக்கே பாருங்கள். 9 சதவீதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம் விலை பேச உட்காருங்கள்.