சுறாவைக் கட்டிய மந்திரமும் ஒரு நிமிடக் கேள்வியும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரை வழியாகப் போன மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் பங்கு பாகத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. இருபதில் ஒரு பங்கு, கடலுக்குள் பெரிய மீன்கள் ஆளைத் தீண்டாதபடி மந்திரிப்பவர்களுக்கு. பிற்காலத்தில் இந்தக் கரையில் அவர்களைக் கடல்கட்டி என்றார்கள். சுறாவின் வாயைக் கட்டுகிறவர். இலங்கைப் பக்கம் ஆங்கிலேய அரசே இவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது.

மந்திரம் பலித்ததா? குளித்தவர்களைக் கேட்டிருந்தால் பலித்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். கடல்கட்டி கரையில் நின்று மந்திரித்தார், நூற்றுக்கணக்கானோர் குளித்தார்கள், சுறா கடித்ததாகப் பெரிதாகப் புகார் இல்லை. ஆகவே மந்திரம் வேலை செய்கிறது.

சட்டக் கல்லூரிக்கான கிளாட் தேர்விலோ, மேலாண்மைப் படிப்புக்கான ஜிமாட்டிலோ, அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட்டிலோ இதை அப்படியே தூக்கிப் போட்டு, கீழே ஒரு வரி கேட்கலாம்: பின்வருவனவற்றுள் எது, உண்மையெனக் கொண்டால், இந்த வாதத்தை மிகவும் வலுப்படுத்தும்? தர்க்கப் பகுதியில் மாணவர்கள் பலர் தடுமாறும் கேள்வி வகைகளில் இதுவும் ஒன்று. எல்சாட்டில் புதிர்க் கணக்குகள் போலிருந்த பகுதியை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் இத்தகைய தர்க்கக் கேள்விகளையே வைத்தார்கள். கிளாட்டில் 120 கேள்விகளுக்கு 120 நிமிடம். பத்தியைப் படிக்கும் நேரமும் அதற்குள்தான். தப்பாக அடித்தால் கால் மதிப்பெண் போகும். போதாக்குறைக்குத் தாள் முழுக்க ஆங்கிலம். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அது தனிச்சுமை. ஆனால் தர்க்கத்தைத் தமிழிலேயே பழகிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. அதற்குத் தூத்துக்குடிக் கரையை விட வளமான பாடப்புத்தகம் கிடைப்பது அரிது.

கடல்கட்டிக்கே வருவோம். ‘மன்னர்களே இவர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள்’ என்று ஒரு விடை இருக்கும். ‘தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை தொடர்ந்தது’ என்று இன்னொன்று. இரண்டும் காதுக்குக் கனமாக இருக்கும். வாதத்துக்கு எடை கூட்டாது. நம்பினார்கள் என்பது வேறு, பலித்தது என்பது வேறு. வலுவூட்டும் விடை எப்படி இருக்கும்? ‘கடல்கட்டி வராத நாட்களில், அதே பாரில் (கடலடிச் சிப்பிப் படுகையில்), அதே அளவு ஆட்கள் குளித்தபோது சுறாத் தாக்குதல் பலமடங்கு இருந்தது.’ ஆள் கூட்டமும் தோணிகளின் சத்தமுமே சுறாவை விரட்டியிருக்கலாம் என்ற சந்தேகத்தை இந்த விடை அடைத்துவிடுகிறது. ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஓர் ஓட்டை இருக்கும்; அதை அடைக்கிற விடையே சரியான விடை. போலோ இன்னொன்றும் சொல்கிறார்: மந்திரத்தை ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் இறங்கக் கூடாது என்று. மந்திரம் இல்லாத கடலைச் சோதிக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அப்படிப் போயிற்று!

சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடத்துவது என்பதே பெரிய வாதம்தான். அந்நாளில் பாரில் சிப்பி தென்பட்டதும் அரசு தோணிகளை இறக்கிவிடாது. முதலில் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுப்பார்கள். அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் வரிசையாகச் சலித்து அளவு பிரிப்பார்கள். மதிப்பீட்டாளர்கள் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை வைப்பார்கள். அதன் பிறகே அறிவிப்பு. சலாபத்தில் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி. அரசின் பங்கைப் பிளக்காமல், குவியலாகவே, ஆயிரம் இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் காசு கொடுத்து வாங்கியது ஓர் அனுமானத்தை.

இதையே கேள்வியாக்கிப் பார்க்கலாம். ‘மாதிரியில் ஆயிரம் சிப்பிக்கு நல்ல மதிப்பு வந்தது, ஆகவே பார் முழுவதும் ஆயிரத்துக்கு இதே மதிப்பு கிடைக்கும்.’ விடைகள் நான்கு. முதலாவது, போன சலாபத்தில் இதே பார் நல்ல வருமானம் தந்தது. இரண்டாவது, மாதிரிச் சிப்பிகள் பாரின் பல மூலைகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. வயதிலும் மற்றச் சிப்பிகளை ஒத்தவை. மூன்றாவது, அடுத்த ஆண்டு சந்தையில் முத்து விலை ஏறும். நான்காவது, இந்தக் கரையின் குளிப்பாளர்கள் தேர்ந்தவர்கள்.

இரண்டாவதுதான் விடை. ஒரு மூலையில் மட்டும் முதிர்ந்த சிப்பியை அள்ளி வந்திருந்தால் மாதிரி பொய் சொல்லும். இளஞ்சிப்பியில் முத்து சின்னது. அந்தப் பயத்தைத்தான் இரண்டாம் விடை போக்குகிறது. ஆனால் முடிவை ‘ஆகவே அடுத்த ஆண்டுச் சலாபம் லாபம் தரும்’ என்று மாற்றிப் பாருங்கள். சும்மா கிடந்த மூன்றாவது விடைக்கு உயிர் வந்துவிடும். அதனால்தான் பத்தியைப் படித்ததும் முடிவு எந்த வாக்கியம் என்று முதலில் கோடு போட வேண்டும். விடைகளுக்குள் நேராகக் குதிக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

முதல் விடையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவின் மறுகரையில் சாட்சி இருக்கிறது. இலங்கையில் 1903 முதல் அடுத்தடுத்து அமோகமான சலாபங்கள். அந்தத் தெம்பில் 1906இல் ஒரு லண்டன் கம்பெனி, பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபாய். 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் குளிக்கச் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. சில வருஷ விளைச்சலை வைத்து இருபது வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் லண்டன் கணக்கர்களாக இருந்தாலும், கிளாட் மதிப்பெண் முறைப்படி அவர்களுக்குக் கால் மதிப்பெண் கழிவுதான்.

அதே காலத்தில் அறிவியலிலும் ஒரு வாதம் ஓடியது. ஹெர்ட்மன் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலாளர், உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலுடன் 1902இல் இலங்கைப் பார்களை ஆராய வந்தார். ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்துறைக்கு வந்தவர். முத்தை அறுத்துப் பார்த்தபோது நடுவே நாடாப்புழுவின் இளம்பருவம் போன்ற ஒன்று தெரிந்தது. புழுவால்தான் நல்ல முத்து உண்டாகிறது என்றார்கள். இதற்கு எது வலு சேர்க்கும்? ‘ஏராளமான சிப்பிகளில் இந்தப் புழு உண்டு’ என்பது சேர்க்காது. புழு இருந்தும் முத்து இல்லாத சிப்பி எத்தனை என்று தெரியாதே. ‘புழு இல்லாத சிப்பிகளில் முத்து தேடியும் கிடைக்கவில்லை’ என்றால் சேர்க்கும்.

வாதம் நிற்கவில்லை. புழு என்று சொன்னவற்றில் பல புழுவே அல்ல என்று 1912இல் லிஸ்டர் ஜேம்சன் மறுத்தார். ஜப்பானியர்கள் சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு துணுக்கை வெட்டி, இன்னொரு சிப்பிக்குள் வைத்தே முத்தை வளர்த்துக் காட்டினார்கள். நம் பக்கத்தில் அதைச் செய்து காட்டிய இடம் தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள வேப்பலோடை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி 1973 ஜூலையில் அங்கே உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார். உள்ளே வைத்தது ஓட்டில் கடைந்த மணியும் ஒரு திசுத் துணுக்கும். புழுவுக்கு அங்கே வேலையில்லை. கவனிக்க: புழுவால் முத்து உண்டாகவே முடியாது என்று வேப்பலோடை நிரூபிக்கவில்லை. புழுவால்தான் என்பதில் இருக்கும் அந்தத் ‘தான்’ மட்டும் உடைந்தது. தேர்வுத் தாளில் ‘மட்டுமே’, ‘எல்லாம்’, ‘எப்போதும்’ போன்ற சொற்களைப் பார்த்தால் ஒரு நொடி நிற்கச் சொல்வது இதற்காகத்தான்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் விடையோடு சண்டை போடுவார்கள்: ‘அப்படியெல்லாம் சிப்பி ஒரே வயதில் இருக்காதே!’ கேள்வியோ ‘உண்மையெனக் கொண்டால்’ என்கிறது. தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சங்குகுளி வீட்டுப் பிள்ளையானாலும், கடலைப் பற்றித் தெரிந்ததை அந்த ஒரு நிமிடம் கரையில் வைத்துவிட்டு, கொடுத்ததை ஒப்புக்கொண்டு, அது வாதத்துக்கு என்ன செய்கிறது என்று மட்டும்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, தூத்துக்குடி டீக்கடைகளில் இன்றும் கேட்கக்கூடிய ஒரு வாதம்: ‘பெரிய துறைமுகம் வந்தது, முத்துச்சிப்பி போனது.’ தேதிகளைப் பார்ப்போம். இங்கே கடைசி வரிசைச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தன. துறைமுகக் கட்டுமானம் 1964இல் தொடங்கியது. பெருந்துறைமுகம் ஆனது 1974இல். காரணம் விளைவுக்குப் பின்னால் வருகிறது. அதற்கும் முன்பே, 1928க்குப் பிறகு 27 ஆண்டு சலாபம் இல்லாமல் கிடந்திருக்கிறது. அப்போது எந்த அலைத்தடுப்புச் சுவரும் இல்லை. வாதம் இப்படியே நின்றால் தேறாது.

ஆனால் முடிவைச் சற்றுத் திருத்திப் பார்க்கலாம்: ‘போன சிப்பி திரும்பி வராததற்குத் துறைமுகமும் ஒரு காரணம்.’ இப்போது தேதி இடிக்கவில்லை. முந்தைய வறட்சி 27 ஆண்டில் முடிந்தது, இந்த வறட்சி 60 ஆண்டைத் தாண்டிவிட்டது என்பது லேசாக வலு சேர்க்கும். புதிதாக ஏதோ குறுக்கே நிற்கிறது என்ற சந்தேகத்துக்கு அது இடம் தருகிறது. ‘துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்து பெருகியது’ என்பது ஒன்றும் சேர்க்காது. ‘ஒரே கடல், ஒரே ஆழம்; துறைமுகத்துக்குத் தொலைவிலுள்ள பார்களில் சிப்பி திரும்ப வந்தது, அருகிலுள்ளவற்றில் வரவில்லை’ என்று ஒரு விடை இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதை அடிக்கலாம். அதே விடையைப் பழைய முடிவின் கீழ் வைத்தால் மதிப்பெண் கிடைக்காது. 1961க்கும் 1964க்கும் நடுவே கிடக்கும் மூன்று வருஷத்தை அது தாண்டாது.