போத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள்!

விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், கொதிக்கக் கொதிக்கக் கோப்பியைப் பழைய குளிர்பானப் போத்தலில் ஊற்றினால், அது சுருங்கிக் கோணலாகிப் போகிறதே, ஏன்? போத்தல் பிறந்த விதம்தான் காரணம்!

பலூனை ஓர் அச்சுக்குள் வைத்து ஊதினால், அது அச்சின் வடிவத்தையே எடுக்கும் அல்லவா? பிளாஸ்டிக் போத்தல்களும் அப்படித்தான் ஊதப்படுகின்றன. இதில் மூன்று முக்கிய முறைகள் உண்டு.

குழாய் முறை

இயந்திரம் இளகிய பிளாஸ்டிக்கைக் குழாய்போல் கீழே இறக்கும். இரண்டு பாதி அச்சுகள் அதைக் கவ்வி, அடியை நசுக்கி மூடும். உள்ளே காற்றைச் செலுத்தியதும் குழாய் உப்பிக் கலனாகும். நசுக்கிய தழும்பு அடியில் ஒரு கோடாக நிற்கும். கைப்பிடியுள்ள எண்ணெய்க் கலனும், தோட்டத்துக் களைக்கொல்லிக் கலனும் இந்த வகைதான்.

கம்பி முறை

ஒரு கம்பியைச் சுற்றி இளகிய பிளாஸ்டிக்கைச் செலுத்துவார்கள். கழுத்துப் பகுதி அப்போதே கச்சிதமாக அமைந்துவிடும். பிறகு வேறோர் அச்சுக்கு மாற்றி ஊதுவார்கள். மூடி இறுக்கமாகப் பொருந்தவேண்டிய சிறிய மருந்துப் போத்தல்களுக்கு ஏற்றது இது.

இழுத்து ஊதும் முறை

முதலில் சோதனைக் குழாய் போன்ற சிறு வார்ப்பைச் செய்வார்கள். அதை ஏறத்தாழ 100 டிகிரி சூடாக்கி, கம்பியால் நீளவாக்கில் இழுத்து, காற்றால் அகலவாக்கில் விரிப்பார்கள். இப்படி இழுபட்டதால்தான் மெல்லிய சுவரும் குளிர்பானத்தின் வாயு அழுத்தத்தைத் தாங்குகிறது. இத்தகைய போத்தலுக்கு 1973இல் காப்புரிமை பெற்றவர் நத்தானியல் வையத் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். அடியின் நடுவில் சிறு புள்ளி தெரியும். இழுபட்ட பிளாஸ்டிக் சூடு பட்டால் பழையபடி சுருங்கப் பார்க்கும். கோப்பி ஊற்றிய போத்தல் கோணியது இதனால்தான். சுடுபானத்துக்குச் சுடுநீர்க் குடுவையே நல்லது.

தாய்மார்களே, ஒரு வார்த்தை!

எண்ணெய்க் கலனும் களைக்கொல்லிக் கலனும் ஒரே முறையில் பிறந்தவை. பார்வைக்கு இரண்டும் கெட்டியானவை. "நல்ல கலனாயிற்றே, தண்ணீர் பிடிக்கலாமே" என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள்! விஷ மருந்து பிளாஸ்டிக் சுவரிலேயே ஊறிவிடக்கூடும். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் முழுவதும் போகாது. காலிக் கலனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்து தெளிக்கும் தொட்டியிலேயே ஊற்றி, கலனில் துளையிட்டு, மருந்துக் கிடங்கிலேயே ஒப்படைக்க வேண்டும்.

போத்தலின் அடி, அது எப்படிப் பிறந்தது என்று சொல்லும். அதில் என்ன இருந்தது என்பதை நாம்தான் நினைவில் வைக்கவேண்டும். குழந்தையின் தாகத்துக்கு அது தெரியாது!