கன்னடம் தெரிந்த ஐந்தாவது ஆள்

பெங்களூருவில் யூஎக்ஸ் (பயனர் அனுபவ) டிசைனர் வேலைக்கு வரும் விளம்பரங்களில் சம்பளம் சொல்லியிருக்கிறதோ இல்லையோ, குழுவோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். ஆகவே அந்தப் படிப்பைச் சொல்லித்தரும் இடங்களில், நாலு வருடப் பட்டப்படிப்பானாலும் சரி, எச்.எஸ்.ஆர். லேஅவுட் மாடியறையில் நடக்கும் பூட்கேம்ப் ஆனாலும் சரி, குரூப் ப்ராஜெக்ட் இல்லாமல் வெளியே வருகிறவர்கள் அரிது. நாலைந்து பேர், ஒரு தலைப்பு, சில வாரங்கள், கடைசியில் ஒரு பிரசன்டேஷன். கூடி வேலை செய்யும் குணம் இப்படித்தான் வளரும் என்பது கணக்கு. வளர்கிறதா என்று பார்க்கக் கிளம்பினால் வேறொரு கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. குழுவில் கன்னடம் தெரிந்தவர் யார்?

ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்த ஊரில் இதற்கு அதிகக் கற்பனை வேண்டாம். புனேயிலிருந்து ஒருவர், லக்னோவிலிருந்து ஒருவர், கொச்சிப் பையன், ஹைதராபாத் பெண், ஐந்தாவதாக ஓசூர்ப் பெண். தலைப்பு, மாநகரப் பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு ஆப். (பேருந்து இல்லையென்றால் பி.ஜி. எனும் வாடகைத் தங்குமிடம் தேடும் ஆப், அதுவும் இல்லையென்றால் சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப். இந்த மூன்றுக்கு வெளியே ஒரு மாணவர் போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பதே அபூர்வம்.) முதல் கூட்டத்திலேயே வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஸ்க்ரீன் வரைவார், ஒருவர் வண்ணமும் எழுத்துருவும் பார்ப்பார், ஒருவர் ப்ரோட்டோடைப்பை ஓடவைப்பார், ஒருவர் மேடையில் பேசுவார். பேருந்தில் போகிறவர்களிடம் யார் பேசுவது? நாலு தலையும் ஓசூர்ப் பெண்ணின் பக்கம் திரும்புகிறது. அவளுக்குக் கன்னடம் வரும், தமிழ் வீட்டு மொழி, தெலுங்கும் கொஞ்சம் புரியும். ‘யூசர் இன்டர்வியூ’ என்று பெயர் போட்டு அந்தப் பொறுப்பு முழுவதும் அவளிடம் போய்விடுகிறது.

அவள் கே.ஆர். மார்க்கெட் பேருந்து நிலையத்துக்குப் போகிறாள். ஓசூர்ப் பக்கத்துப் பூ விடியும் முன்பே வந்து இறங்கும் இடம் அது. அங்கே நிற்கும் பூக்காரப் பெண்களிடம் பேச வேண்டுமானால் முதல் அரைமணி நேரம் அவர்களைப் பற்றி ஒன்றும் கேட்கக்கூடாது, ஒரு முழம் வாங்கிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். பிறகு பேச்சு தானாக வரும். எந்த ஊர், யார் மகள், படிச்சு என்ன செய்யப் போறே என்று அவர்கள்தான் இவளைப் பேட்டி எடுப்பார்கள். அதன் நடுவில் இவளுக்கு வேண்டியது கிடைக்கும்.

என்ன கிடைக்கும்? கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் அந்த மாநிலப் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை. ஆனால் அது வஜ்ரா போன்ற ஏ.சி. பேருந்துகளுக்குப் பொருந்தாது. பேருந்து எண்ணுக்கு முன்னால் ‘வி’ எழுத்து இருந்தால் காசு, இல்லாவிட்டால் பெரும்பாலும் இலவசம். 335இ-யில் ஏறலாம், வி-335இ வந்தால் விட்டுவிட வேண்டும். ஆகவே நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு முதல் கேள்வி ‘பஸ் எப்போது வரும்’ என்பதோடு முடிவதில்லை, ‘வருவது ஆர்டினரியா’ என்பதும் சேர்ந்தே இருக்கிறது. ஏ.சி. பஸ் இரண்டு நிமிடத்தில் வருகிறது என்று ஆப் சொல்வது அவளுக்கு ஒரு தகவலே இல்லை. கையில் அடையாள அட்டை இருக்கிறதா என்பது அடுத்த கவலை. கண்டக்டர் கூடைக்குத் தனி டிக்கெட் எடுக்கச் சொல்வாரா என்பது மூன்றாவது.

இந்தக் குறிப்புகளோடு அவள் திரும்பி வரும்போது ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் ஏழு ஸ்க்ரீன் தயாராக இருக்கும். அதில் நடுநாயகமாக இருப்பது பணம் செலுத்தும் ஸ்க்ரீன், வட்ட மூலைப் பொத்தானோடு, மூன்று விதமான பணப்பரிமாற்ற வழிகளோடு. பாதிப் பயணிகளுக்குப் பணம் செலுத்தும் வேலையே இல்லை என்று இவள் சொன்னால், ஆசிரியர் மதிப்பெண் போடும்போது பார்க்கப்போவது ஸ்க்ரீனைத்தானே என்று பதில் வரும். அதில் பொய் இல்லை. ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள், என்று இந்த ஊரே சொல்வதைத்தான் அவளும் செய்கிறாள்.

ஃபிக்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே கோப்பில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வழி கொடுத்த கருவி அது. ஒவ்வொருவரின் கர்சரும் அவரவர் பெயரோடு திரையில் நகரும், யார் எப்போது எதை மாற்றினார் என்று வரலாறு பதிவாகும். ஆனால் மார்க்கெட் பேருந்து நிலையத்தில் ஒருத்தி இரண்டு மணிநேரம் நின்றதை அந்த வரலாறு பதிவு செய்யாது. மஞ்சள் ஸ்டிக்கி நோட்டில் நாலு வார்த்தையாக அவள் அதைத் தட்டச்சு செய்தால் நாலு வார்த்தையின் மதிப்புத்தான் அதற்கு. படிப்பு முடிந்ததும் ஐந்து பேரும் ஐந்து போர்ட்ஃபோலியோவில் அதே ப்ராஜெக்டைப் போடுவார்கள். ‘நாங்கள்’ என்று தொடங்கும் கேஸ் ஸ்டடி இரண்டாவது பத்தியில் ‘நான்’ ஆகிவிடும். ஸ்க்ரீன் வரைந்தவருக்குக் காட்ட ஸ்க்ரீன் இருக்கிறது. பேசிவிட்டு வந்தவளுக்கு என்ன இருக்கிறது? இரண்டு புகைப்படம், அதுவும் அனுமதி கேட்டு எடுத்திருந்தால்.

கூட்டு வேலையில் ஆள் கூடக்கூட உழைப்பு குறையும் என்பது பழைய கண்டுபிடிப்பு. மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் போட்டார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், கூட்டத்தோடு கோவிந்தா என்று அதற்கு நமக்குப் பெயரே உண்டு. 1979-ல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் கைதட்டவும் கத்தவும் சொல்லி அதையே மறுபடி சோதித்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே மூவர் இன்னொன்றையும் காட்டினார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது தனித்தனியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால் சோம்பல் பெருமளவு போய்விடுகிறது.

குரூப் ப்ராஜெக்ட் பற்றிய புலம்பல்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும், வேலை செய்யாமல் மதிப்பெண் வாங்கும் அந்த ஒருவனைப் பற்றி. அவனைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, அவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். எனக்குக் கவலை, செய்த வேலை கண்ணில் படாத அந்த ஒருத்தியைப் பற்றித்தான். தனித்தனியாகத் தெரியும் உழைப்பைத்தான் மனிதர்கள் முழுமனதோடு செய்வார்கள் என்றால், தெரியாத உழைப்பு முதலில் செத்துப்போகும்.

ஆட்களிடம் போய்க் கேட்கும் உழைப்பையே மையமாக வைத்த காலமும் இருந்திருக்கிறது. யூஎக்ஸ் என்ற பெயரை டான் நார்மன் 1993 வாக்கில் ஆப்பிளில் தன் பதவியோடு சேர்த்துக்கொண்டது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. அதற்கு இருபது வருடம் முன்னால் நார்வேயில் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1970-களின் தொடக்கத்தில் கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞர், பிற்காலத்தில் டூரிங் விருது வாங்கியவர், இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் தொடங்கினார். ஆலைக்குள் கணினி வரப்போகிறது, அது எப்படி வரவேண்டும் என்பதில் தொழிலாளிக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பது கேள்வி. ஆய்வாளர்கள் அறிக்கை எழுதித் தருவது என்றுதான் முதலில் திட்டம். பாதி வழியில் அதை மாற்றிக்கொண்டார்கள். ஆய்வால் தூண்டப்பட்டுச் சங்கத்தினர் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும்தான் இதன் விளைவு, அறிக்கை அல்ல என்று எழுதிவைத்தார்கள்.

அந்த வழியில் வந்ததுதான் 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர் சங்கங்களோடு நடந்த ‘யுடோப்பியா’ ப்ராஜெக்ட். பக்கம் அமைக்க அவர்கள் நினைத்த மாதிரிக் கணினி அப்போது கையில் இல்லை. காத்திருக்காமல் அட்டைப்பெட்டியையும் மரப்பலகையையும் வைத்து ஒரு கணினி மேசை செய்தார்கள். ஒரு காலி அட்டைப்பெட்டியின் மேல் ‘லேசர் பிரின்டர்’ என்று எழுதி ஓரமாக வைத்தார்கள். அச்சுக்கோப்பவர் அதன் முன் உட்கார்ந்து தன் வேலையை நடித்துக் காட்டினார், எங்கே இடிக்கிறது என்று சொன்னார், பெட்டி இடம் மாறியது. அட்டைக்கு அழகு கிடையாது, அதனால் யாரும் அதன் அழகைப் பற்றிப் பேசவில்லை. இன்றைய மாணவர்களுக்கு எழுபது ஸ்க்ரீன் செய்வது எளிது. ஒரு பூக்காரரையோ கண்டக்டரையோ குழுவின் ஆறாவது உறுப்பினராக ஒரு மாலை உட்காரவைப்பதுதான் கடினம்.

கடினம் என்பதால் குறுக்குவழி பிறக்கிறது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு திரையின் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இத்துறை வல்லுநர் ஜேகப் நீல்சன் சொன்னதை ஆளாளுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஐந்து பேர் பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.யில் அதே மாடியில் இருக்கும் ஐந்து பேராகிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு கூகுள் ஃபார்ம், அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அன்று ராத்திரிக்குள் நாற்பது பதில். நாற்பதும் இருபத்துமூன்று வயது, நாற்பதும் கையில் நல்ல போன். பெர்சோனா என்ற உத்தியை ஆலன் கூப்பர் 1999-ல் எழுதிய புத்தகம் பரப்பியது. பேசிப் பார்த்த மனிதர்களிலிருந்து ஒரு மாதிரி மனிதரை வடிப்பது அது. இப்போது பேசவே வேண்டாம், ஏ.ஐ.யிடம் ‘பெங்களூருவில் பூ விற்கும் நாற்பது வயதுப் பெண்’ என்று கேட்டால் பெயர், படம், ஆசை, எரிச்சல் எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்தில் கொடுத்துவிடும். அந்தப் பெண் ‘வி’ எழுத்தைப் பார்த்து ஏறாமல் நிற்பாளா என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

நிறுவனங்களில் ஆராய்ச்சிக்குத் தனி ஆள், வரைவதற்குத் தனி ஆள் என்றுதானே இருக்கிறது, படிக்கும்போதே அப்படிப் பிரித்துக்கொள்வதில் தவறென்ன என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே ஆராய்ச்சி செய்கிறவருக்கு அதற்கென்று பதவியும் சம்பளமும் இருக்கின்றன, வகுப்பில் மொழி தெரிந்தவளுக்கு இரண்டும் இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரு மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆட்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு நாலு மொழியில் பேரம் பேசவும் சண்டை போடவும் வரும். வகுப்பில் அதைத் திறமை என்று யாரும் எண்ணுவதில்லை, ‘கன்னடா பருத்தா? அப்போ நீயே போய்க் கேட்டுட்டு வந்துடு’ என்ற உதவிக் கணக்கில் போய்விடுகிறது. ஆட்டோவைக் கூப்பிட, பி.ஜி. ஓனரிடம் அட்வான்ஸ் திரும்பக் கேட்க, ப்ராஜெக்டுக்கு ஆள் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அதே பிள்ளைதான்.

ஆசிரியர்கள் மனது வைத்தால் இதைச் சரிசெய்யப் பணம் ஒன்றும் செலவாகாது. ஒவ்வொரு கண்டுபிடிப்புக்குப் பக்கத்திலும் யாரிடம் கேட்டது, எந்த இடத்தில், எந்த மொழியில், கேட்டது யார் என்று எழுதச் சொல்லலாம். கன்னடம் தெரியாதவரும் கூடவே போய் நின்று குறிப்பெடுக்க வேண்டும் என்று விதி வைக்கலாம், நின்று பார்த்தாலே பாதி புரியும். பிரசன்டேஷனில் முதல் பத்து நிமிடம் ஸ்க்ரீனே காட்டக்கூடாது என்று சொல்லலாம். இதையெல்லாம் செய்யும் ஆசிரியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பிளேஸ்மென்ட் காலம் நெருங்கும்போது ஸ்க்ரீன்தான் பேசும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அவளுக்கும் தெரியும். அடுத்த ப்ராஜெக்டின் முதல் கூட்டத்தில், யாரும் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஓசூர்ப் பெண் கையைத் தூக்கி ஸ்க்ரீன் வேலையை எடுத்துக்கொள்வாள். போர்ட்ஃபோலியோவில் போட அவளுக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா? இன்டர்வியூ யார் எடுப்பது என்ற பேச்சு இரண்டு நிமிடம் ஓடும். பிறகு யாராவது ஒருவர் கூகுள் ஃபார்ம் ஒன்றைத் திறப்பார்.