பானெட்டுக்குள் கத்திரி வெயில்

கத்திரி வெயில் கொளுத்தும் பிற்பகல். சென்னை அண்ணா சாலை சிக்னலில் ஒரு கார் நிற்கிறது. வெளியே 40 டிகிரி. ஏசி ஓடுகிறது, ரேடியேட்டர் விசிறி விடாமல் சுழல்கிறது. இந்த நிலையில் பானெட்டுக்குள் 60, 70 டிகிரி என்பது சாதாரணம். கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பல ஆயிரம் ரூபாய் செலவில் மாட்டிய கூம்பு ஃபில்டர், அந்த அனலுக்கு நடுவேதான் இருக்கிறது. பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறுமல் வருகிறது. பிக்கப் வரவில்லை.

ஏன்?

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இங்கே கணக்கு எடையில்தான். ஆனால் இன்ஜின் காற்றை இழுப்பதோ லிட்டர் கணக்கில். 2 லிட்டர் இன்ஜின் 6,000 சுற்றில் ஓடும்போது விநாடிக்குச் சுமார் 100 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. கடல்மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 40 டிகிரியில் அது 1.13 கிலோ, 70 டிகிரியில் 1.03 கிலோ. அதாவது, வெளிக்காற்றுக்குப் பதிலாக பானெட்டின் அனல் காற்றைக் குடிக்கும் இன்ஜின், ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 9 சதவீத ஆக்சிஜனை இழக்கிறது. சென்சார் இதைக் கண்டுகொள்ள, காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை நேரங்கெட்டு வெடிக்கும் வாய்ப்பு கூடும். 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அதைத் தடுக்க, ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டர் தள்ளிப்போடுகிறது. இன்ஜின் பிழைத்துக்கொள்கிறது, இழுவை குறைகிறது.

பார்க்க அழகில்லை என்று பலர் தூக்கிப்போடும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியின் அருமை இங்கேதான் புரியும். பெரும்பாலான கார்களில் அதன் வாய் கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட் ஓரத்திலோ திறந்து, வெளிக்காற்றை எடுக்கிறது. பெட்டியின் சுவர் இன்ஜின் சூட்டை மறைக்கிறது, காற்று இழுக்கும் சத்தத்தையும் அடக்குகிறது. பெட்டி போனதும் அந்தச் சத்தம் வெளியே வருகிறது. அதைச் சக்தி என்று நம்பிவிடுகிறோம்.

ஃபில்டர் விளம்பரங்களில் வரும், இன்ஜின் சக்தியை அளந்து காட்டும் டைனோ வரைபடம் பொய்யல்ல. ஆனால் அந்தச் சோதனை பெரும்பாலும் பானெட்டைத் திறந்து, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டுச் செய்யப்படுவது. அமெரிக்காவின் எஸ்ஏஇ தரவிதிப்படி, முடிவையும் 25 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிடுகிறார்கள். மே மாதச் சென்னைக்கும் அதற்கும் வெகுதூரம்.

நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் உள்ளே காற்றோட்டம் கூடி வித்தியாசம் குறையும். குழாயை பம்பருக்குப் பின்னால் இறக்கி வெளிக்காற்றை எடுக்கும் 'கோல்ட் ஏர் இன்டேக்' வெயிலுக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் டிசம்பரில் சாலையில் வெள்ளம் தேங்கும் ஊருக்கு அது ஆபத்து. தாழ்வான அந்தக் குழாய் தண்ணீரை உறிஞ்சினால், அழுத்த முடியாத நீர் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

எனவே, வாங்கும் முன் ஃபில்டர் எங்கிருந்து காற்றை எடுக்கப்போகிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், டாஷ்போர்டின் கீழுள்ள ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, சிக்னலில் நிற்கும்போது உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். வெளியே 38, உள்ளே 65 என்று காட்டினால் பழைய பெட்டியையே திரும்ப மாட்டுங்கள். அதுவரை அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.