மண்ணுக்குள் மறைந்த மண்சுவர்

நிலத்துக்குள் புதைந்த கற்சுவரை எவரும் கண்டுகொள்வர். சுட்ட செங்கற் சுவரை அதன் சிவப்பு நிறமே காட்டிக்கொடுத்துவிடும். வெயிலில் மட்டும் காயவைத்த, சுடாத மண்கற்களாற் கட்டிய சுவர் அப்படியல்ல. இடிந்தபின் அதுவும் மண். அதைச் சூழ்ந்திருப்பதும் மண். அப்படியானால் மண்ணுக்குள் மண்ணை எப்படித் தேடுவது? வரலாறு படிப்பிக்கும் என்னிடம் மாணவிகள் கேட்கும் கேள்விகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முதலில், மண்சுவர் எப்படி அழிகிறது என்று பார்ப்போம். பண்டத்தரிப்பில் எங்கள் வளவின் பின்பக்கத்தில் பழைய குசினியின் மண்சுவர் ஒன்று நிற்கிறது. கிடுகுக் கூரை போய்ப் பல வருடங்களாகிவிட்டன. ஒவ்வொரு மாரிக்கும் சுவரின் தலை கரைந்து, அடியில் இருபுறமும் சரிவாகப் படிகிறது. அந்தப் படிவே சுவரின் அடிப்பகுதியைப் போர்த்து மழையிலிருந்து காக்கிறது. பழைய குடியிருப்புகளிலும் இதுவே நடந்தது. மேற்பகுதி அழியும், அத்திவாரத்தை ஒட்டிய சில வரிசைகள் தப்பும். அகழ்வாய்வாளர் தேடுவது அந்தச் சில வரிசைகளைத்தான்.

இந்தத் தேடல் எளிதாகக் கைவந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கிலே தோண்டியவர்கள் அரண்மனைகளின் சிற்பக் கற்பலகைகளையே நாடினார்கள். மண்கற் சுவர்கள் பலவற்றை வெறும் மண்ணென்று எண்ணி வெட்டியெறிந்தார்கள். 1899இல் பாபிலோனில் அகழ்வைத் தொடங்கிய ஜெர்மனியரான றொபேட் கொல்டவேயின் குழு, மண்கற்களைப் பிரித்தறிந்து சுவரைப் பின்தொடரும் முறையைச் செம்மைப்படுத்தியது.

அந்த முறையில் மண்வெட்டிக்கு வேலை குறைவு. சிறு கரண்டியால் மேற்பரப்பை மட்டமாகச் சுரண்டித் தூரிகையாற் கூட்டி, நீரை மெல்லத் தெளிப்பார்கள். கல்லும் அதை ஒட்டிய சாந்தும் ஒரே வேகத்தில் உலர்வதில்லை. ஆகவே காயும்போது கற்களின் விளிம்புகள் கோடுகளாகத் தெரியும். பிறகு சுவரின் முகத்தைத் தேட வேண்டும். இடிபாட்டுப் பக்கத்திலிருந்து சுவரை நோக்கிச் சிறிது சிறிதாக மண்ணை அகற்றினால், பூச்சு இருக்கும் இடத்தில் இடிபாடு தானே கழன்று விழும்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. சுவரின் முகம் தெரிந்த மகிழ்ச்சியில் அதன் ஓரமாகவே நீளப் பள்ளம் வெட்டிக்கொண்டு போனால், தரைக்கும் சுவருக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அந்தத் தரை சுவரோடு போடப்பட்டதா, பின்னர் வந்ததா என்பதைப் பிறகு எவராலும் சொல்ல முடியாது. அதனால் சுவருக்குச் செங்குத்தாக ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டு, அதன் பக்கத்தில் அடுக்குகளைப் படித்து வரைகிறார்கள்.

அடுத்தது பதிவு. அளவுகோலும் வடக்குக் குறியும் வைத்து ஒளிப்படம் எடுப்பார்கள். 1:20 போன்ற அளவுத்திட்டத்தில் கல்லுக்குக் கல் வரைபடம் வரைவார்கள். கல்லின் நீளம், அகலம், தடிப்பு, நிறம், கலந்துள்ள வைக்கோல் அல்லது உமி, அடுக்கிய விதம், உயரமட்டம் எல்லாம் குறிக்கப்படும். கரித்துண்டு கிடைத்தால் காபன் காலக்கணிப்புக்காக எடுத்துவைப்பார்கள். கல்லுக்குள் ஓர் ஓட்டுத்துண்டு இருந்தால், சுவர் அந்த ஓட்டைவிடப் பழையதல்ல என்பது மட்டுமே உறுதி. கல் அறுத்த மண்ணிலேயே பழைய ஓடு கிடந்திருக்கலாம் அல்லவா?

கல்லை அளப்பதால் என்ன பயன்? இராஜஸ்தானின் காலிபங்கன் நல்ல சான்று. 1960 முதல் 1969 வரை பி. பி. லால், பி. கே. தாப்பர் ஆகியோர் தலைமையில் அங்கே அகழ்வு நடந்தது. முற்காலக் குடியிருப்பின் மண்கற்கள் ஏறத்தாழ 30×20×10 செ.மீ.; பின்வந்த ஹரப்பா நகரக் காலத்துக் கற்கள் 40×20×10 செ.மீ. அதாவது 3:2:1 என்ற விகிதம் 4:2:1 ஆக மாறியது. இரு காலங்களைப் பிரித்தறிய ஓர் அளவு நாடா துணைசெய்தது.

மண்கல்லை எளியதென்று இகழ வேண்டாம். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிவாசலின் சுவர் மண்கல்லாலானது; தூண்கள் ஈச்சமரத் தண்டுகள், கூரை ஈச்சோலை. மண்கல்லுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ‘அடோபி’ என்ற பெயரும் ‘அத்தூப்’ என்ற அரபுச் சொல் ஸ்பானிய மொழிக்குச் சென்று பிறந்ததே.

இனி நமது மண்ணுக்கு வருவோம். கந்தரோடையில் போல் பீரிஸ் 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் அகழ்ந்தனர். அங்கே இன்று நம் கண்ணுக்குத் தெரிபவை கல்லாலான வழிபாட்டுச் சின்னங்கள். அவற்றைக் கட்டியோரும் வணங்கியோரும் சமைத்து உண்டு உறங்கிய வீடுகள் எங்கே? மண்ணாலும் மரத்தாலும் ஓலையாலும் கட்டிய வீடுகள் மண்ணோடு மண்ணாகிவிடும். மண்ணைப் படிக்கத் தெரியாதவரை, கல்லிற் கட்ட வசதி படைத்தோரின் வரலாற்றை மட்டுமே நாம் எழுதிக்கொண்டிருப்போம்.

அகழ்வு என்பது ஒரு பக்கத்தைப் படித்ததும் அதைக் கிழித்துவிடுவது போன்றது. வெட்டிய மண்சுவரை மீண்டும் கட்ட முடியாது. குறிப்பேடும் வரைபடமுமே மிஞ்சும். அனுமதியின்றி அகழ்வதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடுப்பதும் இதனால்தான். ஆகவே மாணவிகளே, கிணறோ வீட்டு அத்திவாரமோ வெட்டும்போது பள்ளத்தின் பக்கத்தில் நேர்கோடாய் நிறம் மாறிய மண்ணையோ ஓட்டுத்துண்டுகளையோ கண்டால், கிளறாதீர்கள். இடத்தைக் குறித்து, படம் எடுத்து, உங்கள் ஆசிரியருக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். ஒருகாலத்தில் அது யாரோ ஒரு தாயின் குசினிச் சுவராக இருந்திருக்கலாம்.